காரீயமும் ஹூட்ரியும் என் சைலன்சரும்

முதலிலேயே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வகுப்பில் யாராவது போட்டுக்கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மேல்.

போன செமஸ்டர் விடுமுறையில் என் பைக் சைலன்சருக்குள் இருந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பிடுங்கிப் போட்டேன். நான் என்றால் என் கையால் இல்லை, எங்கள் தெருமுனைப் பட்டறை அண்ணன் கையால். "இது அடைச்சுக்கிட்டு நிக்குது தம்பி. எடுத்துட்டா பிக்கப்பும் ஏறும், மைலேஜும் ஏறும்" என்றார். பாதிப் பேர் செய்கிற வேலைதானே என்று தலையாட்டினேன். சைலன்சரை ஓர் ஓரமாக அறுத்தார், உள்ளே இருந்ததை உருவினார், திரும்ப வெல்டிங் வைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார். ஒரு மணி நேர வேலை.

உருவிய சாமான் கைக்கு அடக்கமாக இருந்தது. மெல்லிய தகட்டை நெளிநெளியாக மடித்து, பாயைச் சுருட்டுவது போல் சுருட்டி, ஒரு குட்டிக் குழாய்க்குள் திணித்தால் எப்படி இருக்கும், அப்படி. முழுக்கத் தேனடை மாதிரி ஓட்டைகள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் தொங்கிய முருகன் காலண்டர் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. "பழைய இரும்புக்காரர் இதை மட்டும் கேட்டு வாங்கிட்டுப் போவாரு. உனக்கு வேண்டாம்னா கூலியில கழிச்சுக்கலாம்" என்றார் அண்ணன். கழித்துக்கொண்டோம். இத்தனூண்டு தகரத்துக்குப் பழைய இரும்புக்காரர் ஏன் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நான் படிப்பது கெமிக்கல் இன்ஜினியரிங், மூன்றாம் ஆண்டு. சிரிப்பவர்கள் இங்கேயே சிரித்துக்கொள்ளலாம் :-)

விடுமுறை முடிந்து வந்த இரண்டாவது வாரம் செமினார் தலைப்பு கொடுத்தார்கள். "காற்று மாசைக் கட்டுப்படுத்தும் வினையூக்கம், ஒரு விஞ்ஞானியின் ஆய்வை எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் பேச வேண்டும்." எனக்கு உடனே நினைவுக்கு வந்த பெயர் யூஜின் ஹூட்ரி. (பிரெஞ்சுக்காரர்கள் ஊத்ரி என்பார்கள். நம் வகுப்பில் ஹூட்ரி என்றே பழகிவிட்டது.) பெட்ரோலியச் சுத்திகரிப்புப் பாடத்தில் அரைப் பக்கம் வருவாரே, அவர்தான். கன்வெர்ட்டரும் அவருடையதுதான் என்று அந்தப் பாடத்தில் இல்லை. தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது.

ஹூட்ரி 1892-ல் பாரிசுக்குப் பக்கத்தில் தோமோன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு எஃகுத் தொழில். பையன் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், கெமிஸ்ட்ரி இல்லை. முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்து, 1917-ல் காயம்பட்டு, வீரப் பதக்கம் வாங்கி வீடு திரும்பினார். அப்புறம் பிடித்துக்கொண்டது கார் பந்தயப் பைத்தியம். 1922-ல் இன்டியானாபொலிஸ் பந்தயத்தைப் பார்க்கக் கப்பலேறி அமெரிக்கா போய், அப்படியே ஃபோர்டு தொழிற்சாலையையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். நல்ல இன்ஜின் எல்லாரும் செய்கிறார்கள், நல்ல பெட்ரோல்தான் இல்லை என்பது அவருக்கு உறைத்தது அந்த வருடங்களில்தான்.

பிரான்சில் எண்ணெய் வளம் கிடையாது, பழுப்பு நிலக்கரி உண்டு. அதிலிருந்து பெட்ரோல் எடுக்கலாமா என்று முதலில் பார்த்தார். அரசாங்கம்கூடப் பணம் போட்டது. ஆனால் கட்டுப்படியாகவில்லை, ஆலையை மூடிவிட்டார்கள். பிறகு கனமான கச்சா எண்ணெய் பக்கம் திரும்பினார். நீள நீளமான மூலக்கூறுகளை உடைத்தால் பெட்ரோல் கிடைக்கும். அன்றைக்கு எல்லாரும் வெறும் சூட்டாலும் அழுத்தத்தாலும் உடைத்தார்கள். இவர் சிலிக்கா, அலுமினா கலந்த களிமண் வகை ஒன்றின் மேல் எண்ணெய் ஆவியைச் செலுத்தினார். அந்த மண் வினையூக்கியாக வேலை செய்தது. கிடைத்த பெட்ரோலைத் தன் புகாட்டி பந்தயக் காரில் ஊற்றி மேட்டில் ஏற்றிப் பார்த்தாராம். செமினாரில் இதைச் சொன்னபோதுதான் கடைசி பெஞ்ச் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஒரே ஒரு தொல்லை. கொஞ்ச நேரத்தில் வினையூக்கி மேல் கரி படிந்து, அது செத்துப்போகும். ஹூட்ரியின் உண்மையான சாதனை இந்தத் தொல்லையைத் தீர்த்ததுதான் என்பேன். எண்ணெயை நிறுத்திவிட்டு, அதே கலத்துக்குள் காற்றை விட்டுக் கரியை எரித்தார். எரிகிற சூட்டையே அடுத்த சுற்றுக்குப் பயன்படுத்திக்கொண்டார். ஒரு கலம் உடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கலம் எரித்துக்கொண்டிருக்கும், மாற்றி மாற்றி. 1930-ல் அமெரிக்காவுக்குக் குடிபோனார். 1937-ல் சன் ஆயில் கம்பெனி பென்சில்வேனியாவில் மார்கஸ் ஹுக் என்ற இடத்தில் பெரிய அளவில் ஹூட்ரி ஆலையை ஓட்டியது. பழைய முறையில் கச்சாப் பொருளில் கால் பங்குதான் பெட்ரோலாகும். இதில் ஏறக்குறைய பாதி. அதுவும் ஆக்டேன் கூடிய பெட்ரோல். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களுக்கு உயர் ஆக்டேன் எரிபொருள் கிடைத்ததில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு. நாஜிகளுக்குப் பணிந்த விஷி அரசை எதிர்த்து அமெரிக்காவில் இயக்கம் நடத்தியதற்காகத் தாய்நாடு அவர் குடியுரிமையைப் பறித்தது. 1942-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

இதோடு கதை முடிந்திருந்தால் பணக்காரக் கண்டுபிடிப்பாளர் ஒருவர் சுகமாக ஓய்வு பெற்ற கதை. ஆனால் அதற்குள் லாஸ் ஏஞ்சலஸில் வேறொன்று ஆரம்பித்திருந்தது.

1943 ஜூலையில் ஒரு நாள் அந்த ஊரே புகைமூட்டத்தில் கண்ணெரிந்து தவித்தது. போர்க்காலம் ஆயிற்றே, ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றுகூட நினைத்தார்கள். பக்கத்தில் இருந்த செயற்கை ரப்பர் ஆலை ஒன்றின் மேல் பழியைப் போட்டு மூடிப் பார்த்தார்கள். புகைமூட்டம் போகவில்லை. கால்டெக்கில் அன்னாசிப்பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர், 1950-ஐ ஒட்டிய வருடங்களில் உண்மையைக் கண்டுபிடித்தார். கார்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் விடுகிற எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் ஒன்றோடொன்று வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன. கண்ணை எரிக்கிற மற்ற சரக்குகளும் அப்படியே வருகின்றன. ஆகாயத்தில் உயரே இருந்தால் நல்லது செய்கிற அதே ஓசோன், மூக்குக்கு நேரே இருந்தால் நுரையீரலை அரிக்கும்.

புகைமூட்டம் பற்றிய அந்த ஆரம்ப ஆய்வுகள் வெளிவந்தபோது ஹூட்ரி படித்தார். நுரையீரல் புற்றுநோய் கூடிக்கொண்டே போவதும் அவரை உறுத்தியது. உலகத்துக்குப் பெட்ரோலைப் பெருக்கிக் கொடுத்த ஆள் அவர். 1950 வாக்கில், கிட்டத்தட்ட அறுபது வயதில், ஆக்ஸி-கேட்டலிஸ்ட் என்று ஒரு கம்பெனி தொடங்கிப் புகையைப் பிடித்துக்கொண்டார். குற்ற உணர்ச்சியா என்று எனக்குத் தெரியாது, அப்படி இருந்தால் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒன்று தோன்றுகிறது. இருபத்தைந்து வருடம் வினையூக்கி மேல் படிந்த கரியைக் காற்றால் எரித்துக்கொண்டிருந்தவர் அவர். சைலன்சர் வழியாக வெளியே போகிற அரைகுறையாய் எரிந்த மிச்சத்தை வினையூக்கி மேல் எரித்து முடிக்கலாம் என்பது அவருக்கு ஒரு புதிய யோசனையாகவே இருந்திருக்காது.

இந்த இடத்தில் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். செமினாரில் வரைபடம் போட்டுச் சொன்னது யாருக்கும் ஏறவில்லை, டவுன் பஸ் வைத்துச் சொன்னதும் ஏறிவிட்டது.

பிளாட்டினத்தின் மேற்பரப்பை ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணுக்கள்தான் சீட்டுகள். கார்பன் மோனாக்சைடு என்பவர் நம்மூர் ஆள், ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர். ஒரு சீட் போதும், உட்கார்ந்தால் லேசில் எழ மாட்டார். ஆக்சிஜன் ஜோடியாக வருகிறவர். ஜோடி பிரிந்தால்தான் வேலை செய்வார், பிரிந்து உட்காரப் பக்கத்துப் பக்கத்து இடம் வேண்டும். அப்படி உட்கார்ந்த ஆக்சிஜன் அணு, பக்கத்தில் இருக்கிற கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு ஆகி இரண்டு பேரும் இறங்கிப் போய்விடுவார்கள், சீட் காலி. ஆனால் வண்டி குளிர்ந்திருக்கும்போது பஸ் முழுக்கத் துண்டுக்காரர்களே உட்கார்ந்திருப்பதால் ஆக்சிஜனுக்கு இடமே கிடைக்காது. சூடு 250, 300 டிகிரியை நெருங்கினால் துண்டுக்காரர்கள் எழுந்து நடமாட ஆரம்பிப்பார்கள், இடம் விழும், வினை பற்றிக்கொள்ளும். காலையில் வண்டியை எடுத்த முதல் ஓரிரு நிமிடத்தில்தான் புகை மோசமாக இருக்கும் என்பது இதனால்தான்.

இதை 1922-லேயே லாங்மியூர் பெருமளவு யூகித்துவிட்டார். ஒவ்வொரு படியாகக் கண்ணால் பார்க்கிற மாதிரி நிரூபித்தவர் ஜெர்மனியின் கெர்ஹார்ட் எர்ட்ல். அதற்காக 2007-ல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அறிவிப்பு வந்த அக்டோபர் 10 அவருடைய 71-ஆவது பிறந்த நாள்! ஹூட்ரிக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் செய்து பார்த்து, செய்து பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்.

பிளாட்டினத்தை அப்படியே கட்டியாகப் போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் தேனடையின் சுவரில் அலுமினாவைப் பூசி, அதன் மேல் பிளாட்டினத்தை மிக மெல்லிய துகள்களாகத் தூவுகிறார்கள். அந்த அலுமினா ஸ்பாஞ்ச் மாதிரி. ஒரு கிராமுக்குள் 100 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு இருக்கும். சென்னை ரியல் எஸ்டேட் கணக்கில் சொன்னால் இரண்டேகால் கிராமில் ஒரு கிரவுண்டு. நான் பட்டறையில் முருகன் காலண்டரைப் பார்த்த ஓட்டைகளின் சுவரில் எத்தனை மனை போட்டிருந்தார்களோ, கூலியில் கழித்துக்கொண்டேன்.

ஹூட்ரியின் மாற்றி வேலை செய்தது. ஆலைப் புகைபோக்கிகளில் வைத்தார்கள். கிடங்குகளுக்குள் ஓடுகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில் வைத்தார்கள். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும் அல்லவா? ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிற வாயு அது. 1956-ல் வாகனப் புகைக்கான வினையூக்கி அமைப்புக்குக் காப்புரிமையும் வந்தது. காருக்குத்தான் போகவில்லை.

காரணம், பெட்ரோலில் இருந்த காரீயம். (ரசம் வைக்கிற ஈயச் சொம்பைத் திட்டாதீர்கள், அது வெள்ளீயம், வேறு உலோகம்.) 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், டெட்ராஎத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைத் துளி கலந்தால் இன்ஜின் 'நாக்' அடிப்பது நிற்கிறது என்று கண்டுபிடித்தார். 1923-ல் விற்பனைக்கு வந்தது. 1924-ல் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன்னால் அதில் கையைக் கழுவி, மோந்தும் காட்டினார், ஒன்றும் செய்யாது என்று. விற்பனை கொஞ்ச நாள் நின்றது, திரும்பவும் தொடங்கியது. ஐம்பது வருடம் உலகமே அதை ஊற்றி ஓட்டியது.

இன்ஜினில் எரிந்த காரீயம் உள்ளேயே படியாமல் இருக்கப் புரோமின் சேர்மம் ஒன்றையும் கலப்பார்கள். காரீய புரோமைடாக ஆவியாகிப் புகையோடு வெளியே போய்விடும். இன்ஜின் சுத்தம். அது போகிற வழியில் ஹூட்ரியின் மாற்றி இருந்தால்? நம்ம பஸ் கணக்கில் சொன்னால் சீட்டு சீட்டாகத் தார் ஊற்றிய மாதிரி. எந்தச் சூட்டுக்கும் எழாது. கரி படிந்தால் எரித்துவிடலாம், ஹூட்ரிக்கு அது கைவந்த கலை. காரீயத்தை எரிக்க முடியாது. புத்தகத்தில் 'வினையூக்கி நஞ்சு' என்று படித்து இரண்டு மார்க் வாங்கினோமே, அது இதுதான்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. ஹூட்ரியின் உடைப்பு முறையே காரீயம் இல்லாமல் ஆக்டேனை உயர்த்துகிற வழிகளில் ஒன்று. தன் ஒரு கண்டுபிடிப்பு தேவையைக் குறைக்கக்கூடிய பொருளே தன் இன்னொரு கண்டுபிடிப்பைக் கொல்வதை அந்த மனிதர் பத்து வருடம் பார்த்துக்கொண்டிருந்தார். காரீயமே இல்லாத ஃபோர்க்லிஃப்ட் எரிபொருளில் நன்றாக ஓடுகிற சாமான், ரோட்டில் சாகிறது. 1962 ஜூலையில் இறந்துபோனார். அதே 1962-ல்தான் ஜெனரல் மோட்டார்ஸும் ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து நடத்திய காரீயக் கம்பெனியான எத்திலை வேறொருவருக்கு விற்றுக் கைகழுவின. வெறும் தற்செயல்தான். ஆனால் குறிப்பேட்டில் இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதிவைத்திருக்கிறேன்.

அதன்பின் கதை வேகம் பிடிக்கிறது. கார் கம்பெனிகள் முதலில் இழுத்தடித்தன. 1964-ல் கலிபோர்னியா வெளியார் கம்பெனிகளின் புகை மாற்றிகளுக்கு அங்கீகாரம் கொடுத்ததும், 'தேவையே இல்லை, இன்ஜினைச் சரிக்கட்டிச் சமாளிக்கிறோம்' என்றார்கள். புகைக் கருவிகளை வளர்க்காமல் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்தார்கள் என்று 1969-ல் அமெரிக்க அரசே அவர்கள் மேல் வழக்குப் போட்டது, சமரசத்தில் முடிந்தது. 1970-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1975 மாடல் கார்களில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் 90 விழுக்காடு குறைக்க வேண்டும். இன்ஜினைத் திருகித் தப்பிக்கிற அளவு இல்லை இது. ஹூட்ரியின் யோசனைக்குத் திரும்பியே ஆக வேண்டும்.

திரும்பினால் காரீயம் குறுக்கே நிற்கிறது. காரீயத்தைக் கொண்டுவந்த அதே ஜெனரல் மோட்டார்ஸ் 1970 தொடக்கத்தில் எழுந்து, பெட்ரோலில் இருந்து அதை எடுங்கள் என்றது! 1973 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 1974 ஜூலைக்குள் பெரிய பங்குகளிலெல்லாம் காரீயம் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. சொன்ன காரணம்: வினையூக்கி கெட்டுப்போகும்.

நான் செமினாரில் இதைச் சொன்னதும் முதல் வரிசையில் இருந்த தோழி கை தூக்கினாள். "அப்போ குழந்தைகளுக்கு விஷம்னு எடுக்கலையா? தகரத்துக்கு விஷம்னு எடுத்தாங்களா?"

நியாயமான கேள்வி. மக்களின் உடம்பில் இயற்கை அளவைவிட எத்தனையோ மடங்கு காரீயம் ஏறிக் கிடக்கிறது என்று கிளேர் பேட்டர்சன் 1965-லேயே எழுதிவிட்டார். உடல்நலத்துக்காகப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லும் உத்தரவும் 1973 டிசம்பரில் வந்தது. ஆனால் அதை எத்தில் கம்பெனி கோர்ட்டுக்கு இழுத்தது. 1976-ல்தான் அரசு பக்கம் தீர்ப்பு வந்தது. பிளாட்டினத்துக்காக வந்த உத்தரவு முன்னால் ஓடியது, பிள்ளைகளுக்காக வந்தது பின்னால் நடந்து வந்தது. 1976-லிருந்து 1980-க்குள் அமெரிக்கர்களின் ரத்தத்தில் சராசரிக் காரீயம் சுமார் 37 விழுக்காடு இறங்கியது. காரீயப் பெட்ரோல் விற்பனை இறங்கிய கோடும் ரத்தத்தில் இறங்கிய கோடும் ஒன்றையொன்று ஒட்டியே போயின. 'அதுவாகக் குறைந்தது' என்று யாரும் சொல்ல முடியாதபடி அந்த இரண்டு கோடுகள்தான் வாயடைத்தன. அந்த முதல் இறக்கத்துக்குப் பெரிய காரணம் புதுக் கார்களுக்குள் இருந்த ஒரு தேனடை. இந்த வரியைத்தான் அன்றைக்கு அவளிடம் பதிலாகச் சொன்னேன். சொல்லும்போதே காது சூடாகிவிட்டது. கீழே ஸ்டாண்டில் நிற்கிற என் பைக்கைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970-களில் கார்னிங் கம்பெனியின் பீங்கான் தேனடை வந்தது. எங்கல்ஹார்டு கம்பெனியின் கார்ல் கீத்தும் ஜான் மூனியும் ரோடியம் சேர்த்து, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே கூட்டில் அடக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற கணக்கு தவறக்கூடாது. கம்ப்யூட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் காருக்குள் ஏறியதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். அந்த ரோடியம் 2021-ல் தங்கத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் விலை போனது. பழைய இரும்புக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

நம் நாட்டிலும் இதே வரிசைதான். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அந்தக் கார்களுக்காகக் காரீயமில்லாப் பெட்ரோலும் அப்போதே அங்கே வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்கக் காரீயம் நின்றது. பைக்குகளுக்குக் கடுமையான பி.எஸ்-6 விதி 2020 ஏப்ரலில். அதற்காகப் பெட்ரோலில் கந்தகத்தையும் 50-லிருந்து 10 பிபிஎம்முக்கு இறக்கினார்கள். கந்தகமும் வினையூக்கிக்கு ஆகாது. உலகத்தில் கடைசியாகக் காரீயப் பெட்ரோலை நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல்.

இதையெல்லாம் ஒரு ராத்திரி அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா மெதுவாக, "காலேஜ் படிக்கிறப்ப வண்டி வழியில நின்னுட்டா, ஃப்ரெண்டு வண்டி டேங்க்ல டியூப்ப விட்டு வாயால உறிஞ்சித்தாம்பா எடுப்போம். ரெண்டு தடவை முழுங்கியிருக்கேன்" என்றார். எந்த வருடம் என்று கேட்டேன். 1991, 92 இருக்கும் என்றார். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது. "அதான் கணக்குல வீக்கோ என்னமோ" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

பைக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் முழுக்கதை ஆகாது. பிக்கப் ஏறியதா என்றால், சத்தம்தான் ஏறியது. மைலேஜ் மூன்று முறை டேங்க் நிரப்பி அளந்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. செமினார் முடிந்த வாரம் ஒரு சிக்னலில் நின்றேன். எனக்குப் பின்னால் ஸ்கூட்டரில் ஒரு அக்கா, முன்னால் நிற்க வைத்த பாப்பாவின் முகத்தைத் துப்பட்டாவால் மூடினார். எல்லா சிக்னலிலும் எல்லா அம்மாக்களும் செய்வதுதான், என் புகைக்காகத்தான் மூடினார் என்று சொல்ல முடியாது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்ஜினை அணைத்தேன். பச்சை விழுந்ததும் அந்த அக்காவே ஹாரன் அடித்து என்னைக் கிளப்பினார்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். "அண்ணே, அன்னைக்கு உருவினோமே, அது இருக்கா?"

"அது போயி ரெண்டு மாசம் ஆச்சு தம்பி. அவரு மூட்டை கட்டி வடக்க அனுப்பிடுவாரு. இந்நேரம் உருக்கியே இருப்பாங்க. ஏன், சத்தம் பத்தலையா?"

புதுசு வேண்டும் என்றேன். முழு சைலன்சராகத்தான் கம்பெனியில் வரும், தனியாகக் கிடைக்காது என்று விலையைச் சொன்னார். எனக்குக் கூலியில் கழித்த காசைப்போல் பல மடங்கு. அப்பாவிடம் கேட்டால் கொடுப்பார், கேட்க வாய் வரவில்லை. இரண்டு மாதம் டியூஷன் எடுத்தால் தேறும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பசங்க இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள்.

அதுவரை வண்டி மாடிப்படிக்குக் கீழே கவர் போட்டு நிற்கிறது. காலையில் 7.40 டவுன் பஸ்ஸில் வருகிறேன். நம் வகுப்பில் யாராவது அதற்கு முந்தின ஸ்டாப்பில் ஏறுவதாக இருந்தால் தயவுசெய்து ஒரு துண்டு போட்டு வையுங்கள்.